உட்காரும் குழந்தை ஏன் ஆடுகிறது?

"ஆறரை மாதமாகிறது, இன்னும் உட்காரவில்லை, பக்கத்து வீட்டுப் பாப்பா ஐந்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், பிளாஸ்டிக் சீட் ஒன்று வாங்கிவிடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வாங்க வேண்டாம்.

வயசுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழந்தைகளை மாதாமாதம் கவனித்து 2006இல் வெளியிட்ட முடிவுப்படி, பிடிமானமில்லாமல் உட்காருவது 3.8 மாதத்திலும் வரலாம், 9.2 மாதத்திலும் வரலாம். வருடக்கணக்கில் குழந்தைகள் பின்னாலேயே போகும் இந்த மாதிரி ஆய்வுக்குப் பணம் கேட்டால் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். சீக்கிரம் உட்கார்ந்த பிள்ளைதான் புத்திசாலி என்று மட்டும் யாரையும் கேட்காமல் சொல்லிவிடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலைதான். அதைத் தாங்கும் கட்டுப்பாடு கழுத்தில் தொடங்கி, நெஞ்சு, இடுப்பு என்று மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. கழுத்து நின்று, குப்புற விழுந்து, அப்புறம்தான் உட்காருவது.

உட்கார்ந்த பிறகும் குழந்தை லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். நாம் பதறிப்போய்ச் சுற்றிலும் தலையணை செருகுகிறோம், ஆனால் அந்த ஆட்டத்தில்தான் மொத்தப் படிப்பும் நடக்கிறது. உடம்பு முன்னால் சாய்ந்தால் முதுகுத் தசை இறுக வேண்டும், பின்னால் சாய்ந்தால் முன்பக்கத் தசை இறுக வேண்டும். ஒரு மாதக் குழந்தையை உட்காரவைத்து, அதன் சமநிலையை லேசாகக் குலைத்து, தசைகளின் மின்சமிக்ஞையைப் பதிவுசெய்து பார்த்திருக்கிறார்கள். எந்தப் பக்கத் தசையை இறுக்குவது என்பது அப்போதே ஓரளவு அதற்குத் தெரிந்திருக்கிறது! தெரியாதது எவ்வளவு, எப்போது என்பதுதான். காதுக்குள் சமநிலையை உணரும் உட்காதும், கண்ணும், தரையில் அழுந்தும் பிட்டமும், இடுப்பு மூட்டும் "சாய்கிறாய்" என்று சேதி அனுப்ப, மூளை தசையை இழுக்கிறது, கொஞ்சம் அதிகமாக இழுத்துவிடுகிறது, உடம்பு எதிர்ப்பக்கம் போகிறது, அடுத்த முறை இழுப்பு சற்றுக் குறைகிறது. நாளடைவில் பொம்மைக்குக் கை நீள்வதற்கு முன்பே முதுகு தயாராகிவிடும். இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் சீட்டில் ஆட்டமே இல்லை என்றால் மூளை எதை வைத்துக் கற்கும்?

கடவுளையோ தலைவரையோ குழந்தையாக்கிப் பருவம் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் இதைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதச் செங்கீரைப் பருவத்தில் கைகள் தரையில் ஊன்றியிருக்கின்றன. ஒன்பதாம் மாதச் சப்பாணிப் பருவத்தில் அதே கைகள் தட்டுகின்றன. ஊன்றுகோலாக இருந்த கை விடுதலையாவதற்கு இடையில் அத்தனை ஆட்டமும் நடந்து முடிந்திருக்க வேண்டும்.

அவரவர் வேகம் என்றால் சும்மா விட்டுவிடுவது என்று அர்த்தமில்லை. ஆறு நாடுகளில் ஐந்து மாதக் குழந்தைகளை வீட்டிலேயே பார்த்த ஓர் ஆய்வில், கென்யா, கேமரூன் குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாக உட்கார்ந்தார்கள். அங்கே பிடிமானம் குறைந்த இடங்களில் உட்காரும் வாய்ப்பு அதிகம். ஆகவே கட்டில் வேண்டாம், தரையில் பாய் போதும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, குப்புறப் படுக்க விடுங்கள். மடியில் வைத்தால் அக்குளைப் பிடிக்காமல் இடுப்பருகே பிடியுங்கள், மேலே உள்ளதை அது பார்த்துக்கொள்ளும். எண்ணெய் தேய்க்கலாம், எலும்பு உறுதிப்படட்டும் என்று காலை முறுக்குவது மட்டும் கூடாது.

ஒன்பது மாதம் முடிந்தும் தானாக உட்காரவில்லை, உடம்பு துவண்டே இருக்கிறது, ஒரு கை மட்டும்தான் வேலை செய்கிறது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் போங்கள். குறைமாதக் குழந்தைக்கு மாதத்தைப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். கண் பட்டிருக்கும் என்று கயிறு கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்ளட்டும், ஆனால் கயிறு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.