வெளுத்த நாற்றுக்கு என்சைம் பாட்டில் எதற்கு?

போன மாதம் ஒருவர் மிளகாய் நாற்றுத் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிழல்வலைக்குள் 25 நாள் செழிப்பாக நின்ற நாற்று, வெயிலுக்கு எடுத்து வைத்த இரண்டே நாளில் வெளுத்துவிட்டது. "சத்துக் குறைதானே சார்? கடையில் இதைக் கொடுத்தாங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டினார். இலையைப் பச்சையாக்கும் என்சைமாம்.

ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தேன். மேலிருந்த இலை மறைத்த இடம் மட்டும் அச்சு வைத்தாற்போல் பச்சையாக இருந்தது, சுற்றிலும் வெளுப்பு. சத்துக் குறை மட்டுமே என்றால் பொதுவாக இப்படி நிழல் பார்த்து வராது. இது வெயில் செய்த வேலை.

இலைக்குப் பச்சை நிறம் தருவது அதன் செல்களுக்குள் இருக்கும் பசுங்கணிகம். அதற்குள், ஒளிச்சேர்க்கை இயந்திரத்தின் நடுவில் டி1 என்றொரு புரதம் இருக்கிறது. வெளிச்சத்தில் வேலை செய்யச் செய்ய அது பழுதாகிக்கொண்டே இருக்கும். பழுதானதை வெட்டி அகற்றினால்தான் புதியது உட்கார இடம் கிடைக்கும். அந்த வெட்டு வேலையில் முக்கியப் பங்கு எஃப்டிஎஸ்எச் என்ற நொதிக்கு (என்சைம் என்பதும் நொதி என்பதும் ஒன்றுதான்). புதிதாக வரும் டி1-க்கும் ஒரு சின்ன வால் இருக்கும். அதை வேறொரு நொதி நறுக்கிய பிறகுதான் அது முழுதாக வேலைக்கு வரும். கடும் வெயிலில் பழுது வேகமாக நடக்கும், வெட்டுகிறவன் ஈடுகொடுக்க வேண்டும். நிழலில் வளர்ந்த நாற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பழுது பார்ப்பதோடு இப்படி வெட்டும் நொதிகளின் வேலை முடிவதில்லை. பசுங்கணிகம் உருவாவதற்கே இவை வேண்டும். அதற்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை உட்கருவின் கட்டளைப்படி வெளியே தயாராகி, விலாசச் சீட்டு ஒட்டிக்கொண்டு உள்ளே வருகின்றன. உள்ளே வந்ததும் சீட்டைக் கத்தரிக்க ஒரு நொதி காத்திருக்கும். கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிஸில் எஃப்டிஎஸ்எச் வகைகளில் ஒன்று கெட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறார்கள். விதையிலைகள் பச்சையாகவே வரும். அப்புறம் வரும் இலைகளில் பச்சையும் வெள்ளையுமாகத் திட்டுகள். இரண்டு திட்டுக்கும் மரபணு ஒன்றுதான்! வெள்ளைத் திட்டின் செல்களில் பசுங்கணிகம் முழுமையாக உருவாகாமல் பாதியில் நின்றிருக்கும். (வீட்டில் வளர்க்கும் வரிவரிச் செடிகளுக்கெல்லாம் இதுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குப் பல வழிகள் உண்டு.) சிஎல்பி என்ற இன்னொரு வெட்டும் நொதியின் ஒரு பாகத்துக்கான மரபணு பசுங்கணிகத்திலேயே இருக்கிறது. புகையிலையில் அதை நீக்கிப் பார்த்த ஆய்வு 2003-ல் வந்தது. செடியால் தண்டு, இலை என்று உருவெடுக்கவே முடியவில்லை.

சரி, பாட்டில் விஷயம். நொதி என்பது பெரிய புரதம். இலைமேல் தெளித்தால் மெழுகுத் தோல், செல் சுவர், செல் சவ்வு, பசுங்கணிகத்தின் இரட்டைச் சவ்வு எல்லாம் தாண்டி டி1 இருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேராது. இந்தக் கத்தரிக்கோலைச் செடி தானே செய்துகொள்ளும், அவகாசம் கொடுத்தால் போதும்.

அதனால் நடவுக்கு ஒரு வாரம் முன்பே தட்டுகளை முதலில் காலை வெயிலுக்கு மட்டும் வெளியே வையுங்கள், பிறகு நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுங்கள். தண்ணீரையும் கொஞ்சம் குறையுங்கள், வாடவிடாமல்.

வந்தவரிடம் வெளுத்த இலைகளை விட்டுவிட்டுக் குருத்தைப் பாருங்கள் என்றேன். குனிந்து பார்த்தார். தட்டில் முக்கால்வாசிச் செடியில் குருத்து பச்சையாகத்தான் இருந்தது.