வயலின் பச்சையை நம்பித் தேனீப் பெட்டி வைக்காதீர்கள்

வரைபடத்தை நம்பி வைத்த தேனீப் பெட்டிகள் வெறுமையாகக் கிடப்பது, இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. தம்பலகாமத்துத் தம்பி ஒருவர், தேனீ வளர்க்க எந்த இடம் பொருத்தம் என்று செய்மதிப் படங்களை வைத்துக் கணினி போட்ட வரைபடத்தைப் போனில் காட்டினார். “அண்ணை, இந்த இடம் ‘மிகப் பொருத்தம்’ எண்டுதானே வந்தது? பிறகேன் பத்துப் பெட்டியும் வெறுமையாக் கிடக்குது?” போய்ப் பார்த்தேன். பெட்டிகள் வயற்கரையில் இருந்தன.

செய்மதிப் படத்திலிருந்து எடுக்கும் தாவரச் சுட்டெண் இலையின் பச்சையைத்தான் அளக்கிறது. பூவை அளப்பதில்லை, தேனை அளப்பதில்லை. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடித்துக் காடும் காணியும் காய்ந்து கிடக்கும் ஆடியில், கந்தளாய்க் குளத்து நீர் பாயும் சிறுபோக வயல் மட்டும் பளிச்சென்று பச்சையாய்த் தெரியும். வரைபடத்தைப் போடும் கணினிக் கணிப்பு முறை, அதாவது மாதிரியுரு, அதற்கே அதிக புள்ளி போடும். ஆனால் நெல் ஒரு புல். அதன் பூவில் தேன் கிடையாது. தேனீ அங்கே மகரந்தம் எடுக்கப் போகும், மருந்தடிப்பில் மாட்டிக்கொள்ளும். நாலு வேம்பும் இரண்டு புளியும் தென்னையும் நிற்கிற வளவு அதே படத்தில் மங்கலாய்க் கிடக்கும். தேன் இருப்பது அங்கேதான். எத்தனை தடவை சொன்னாலும் பச்சை என்றால் தேன் என்றே நினைக்கிறார்கள்!

இன்னொன்று. தேனீ எவ்வளவு தூரம் பறக்கும் என்பதற்கு வெளிநாட்டு ஆய்வின் எண்களை அப்படியே போடாதீர்கள். அவை பெரும்பாலும் 3 கிலோமீற்றரும் அதற்கப்பாலும் பறக்கும் ஐரோப்பியத் தேனீக்கானவை. நாங்கள் பெட்டியில் வளர்ப்பது இந்தியத் தேனீ. பெரும்பாலும் 1 கிலோமீற்றருக்குள்ளேயே இரை தேடும். பட்டினி கிடந்தால் பெட்டியை விட்டுக் கூட்டமாய் ஓடிவிடும். இவ்வளவு குறுகிய தூரத்துக்கு, 1 கிலோமீற்றர்ச் சதுரங்களில் வரும் மழை, வெப்பத் தரவு, ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் வித்தியாசம் காட்டாது.

வரைபடம் செய்பவர்களே, நெல்வயலைத் தனி வகுப்பாகப் பிரித்துப் புள்ளியைக் குறையுங்கள். ஒரு நாள் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செய்மதிகளின் படங்கள் 5 நாளைக்கு ஒருமுறை வருகின்றன, வருடம் முழுவதும் எடுங்கள். மாரியில் முகில் மறைக்கும், அந்த வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பாதீர்கள். மாதிரியுருவுக்குக் கற்பிக்க வீதியோரத்தில் மட்டும் தேனீக் கூடு தேடிக் குறித்தால், மாதிரியுரு வீதியைத்தான் கண்டுபிடித்துத் தரும். காட்டோரம், குளக்கட்டு, வளவு எல்லாம் ஏறி இறங்கிக் குறியுங்கள்.

பிறகு, பெட்டி வைப்பவர்கள் நேரில் நடந்து பாருங்கள். பெட்டி வைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீற்றர், மாதம் ஒரு தடவை. என்ன மரம் பூத்திருக்கிறது, எந்த வயலுக்கு என்றைக்கு மருந்து அடிக்கிறார்கள், கச்சான் காலத்தில் தண்ணீர் எங்கே. முதல் வருடம் இரண்டு பெட்டி போதும்.

கடன் எடுத்துப் பெட்டி வாங்க முதல், தயவுசெய்து வரைபடத்தோடு ஒருக்கால் வாருங்கள். சேர்ந்தே நடந்து பார்ப்போம்.