மண்டிக்காரரை இடைத்தரகர் ஆக்காதீர்கள்

தக்காளி விலை கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கினாலும் சரி, நூறைத் தொட்டாலும் சரி, தொலைக்காட்சியில் ஒரே வாக்கியம்தான்: "இடைத்தரகர்களின் பிடியில் சிக்கித் தவிக்கும் விவசாயிகள்." சென்ற வாரமும் கேட்டேன். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் நின்றுகொண்டு செய்தியாளர் பேசுகிறார். அவர் தலைக்குப் பின்னால் கடைப் பலகையில் "காய்கறி கமிஷன் மண்டி" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தப் பெயரை விட்டுவிட்டு அவர் இடைத்தரகர், இடைத்தரகர் என்கிறார். இந்தச் சொல் தவறு. உழவருக்குப் பரிந்து பேசுவதுபோல் தோன்றினாலும், அவர் காசு எங்கே போகிறது என்பதை இது மறைத்துவிடுகிறது.

முதலில் மண்டி. இது வடக்கிலிருந்து வந்த சொல். இந்தியிலும் உருதுவிலும் மண்டி என்றால் மொத்த வியாபாரச் சந்தை. வடநாட்டுப் பழைய கல்வெட்டுகளில் சந்தையையும் சுங்கம் தண்டும் இடத்தையும் குறிக்க வரும் "மண்டபிகா"வோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். மக்கள் மண்டுகிற இடம் ஆதலால் மண்டி என்று தமிழ் வேர் காட்டுவோரும் உண்டு. புதர் மண்டும், புகை மண்டும், எண்ணெய்க்கு அடியிலும் மண்டி தங்கும். ஆனால் ஓசை ஒத்துப்போவதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது. சொல் வெளியிலிருந்து வந்ததுதான் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

வந்த சொல் இங்கே பொருள் மாறிவிட்டது என்பதுதான் முக்கியம். தில்லியில் ஆசாத்பூர் மண்டி என்றால் முழுச் சந்தை வளாகம். நம் ஊரில் மண்டி என்பது ஒரு கடை. நெல்மண்டி, வெல்லமண்டி, வெங்காய மண்டி, வாழைக்காய் மண்டி, மேட்டுப்பாளையத்தின் உருளைக்கிழங்கு மண்டிகள் எல்லாமே கடைகள்தாம். சந்தை ஒன்று, அதற்குள் மண்டிகள் பல. "எந்த மண்டிக்குப் போடுறீங்க?" என்று உழவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இந்தப் பொருளில்தான்.

இனி தரகு. இது நம் சொல், பழைய சொல். பல்லவர் செப்பேடுகளில் வரிகளை வரிசையாகச் சொல்லும்போது தரகும் வரும். அதாவது அந்தக் காலத்திலேயே தரகு ஒரு தொழிலாக, வரி விதிக்கத்தக்க வருமானமாக இருந்திருக்கிறது. தரகர் யார் என்று அறிய அகராதியைப் புரட்ட வேண்டாம், ஏதேனும் ஒரு மாட்டுச்சந்தைக்குப் போனால் போதும். விற்கிறவர் கையைத் தன் கையில் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, விரலைத் தொட்டுத் தொட்டு விலை கேட்பார் தரகர். பிறகு வாங்குகிறவர் பக்கம் திரும்பி அதே துண்டுக்குள் அவர் விரலைப் பிடிப்பார். வாயில் ஒரு தொகையும் வராது. பேரம் படிந்தால் இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொண்டு போய்விடுவார். மாடு அவர் கைக்கு வருவதில்லை, பணமும் அவர் பெட்டிக்குள் தங்குவதில்லை. மறுநாள் மாடு படுத்துவிட்டால் நஷ்டம் அவருடையதும் அல்ல. இதுதான் தரகு. வீட்டுத் தரகர், கல்யாணத் தரகர் எல்லாருக்கும் இலக்கணம் ஒன்றுதான்: இருவரைச் சேர்த்துவைப்பது.

மண்டிக்காரர் செய்வது இதுவா? சரக்கு அவர் கடையில் இறங்குகிறது. அவர் ஆள் எடை போடுகிறார், அவரே ஏலம் கூறுகிறார். கேரளத்துக்கு லாரி ஏற்றும் வியாபாரியும் உள்ளூர்க் கடைக்காரரும் அவரிடம்தான் எடுக்கிறார்கள், பெரும்பாலும் கடனுக்கு. அவர்கள் பணம் வந்தாலும் வராவிட்டாலும் உழவருக்கு அன்றைக்கோ அடுத்த நாளோ அவர் கொடுத்துவிட வேண்டும். அந்த அபாயத்தை அவர் சுமக்கிறார். அதற்காகவும் சேர்த்துத்தான் கமிஷன். நூற்றுக்குப் பத்து என்பது பல ஊர்களில் வழக்கம். வாங்குகிறவரிடம் பிடிப்பதில்லை, உழவர் கணக்கில்தான் கழிகிறது.

மண்டியில் என் சித்தப்பாவுக்குக் கொடுத்த சிட்டை, அதாவது கணக்குச் சீட்டு, ஒன்று என்னிடம் இருக்கிறது. கடையின் பெயர் வேண்டாம். இருபத்திரண்டு பெட்டி தக்காளி, பெட்டி 14 கிலோ, ஏலத்தில் பெட்டி 180 ரூபாய், ஆக 3,960. கீழே கழிவுகள்: கமிஷன் 396, இறக்குகூலி 110, வண்டி வாடகை 440. மிச்சம் 3,014. அதற்கும் கீழே, பால்பாயின்ட் பேனாவால் தனியாக ஒரு வரி: முன்பணத்தில் வரவு 1,500. கையில் கொடுத்தது 1,514. அன்று காய் பறித்த நான்கு பெண்களுக்கு ஆளுக்கு 350 வீதம் 1,400 கொடுத்துவிட்டு, பேருந்தேறி வீட்டுக்கு வந்தார். இந்தச் சிட்டையில் எந்த வரியில் தரகு இருக்கிறது? கமிஷன் இருக்கிறது, கூலி இருக்கிறது, வாடகை இருக்கிறது, கடன் இருக்கிறது. தரகு இல்லை.

சொல்லாகப் பார்த்தாலும் இடைத்தரகர் ஓட்டைச் சொல்தான். இடையில் நிற்காத தரகர் யாராவது உண்டா? தரகர் என்றாலே இரண்டு பேருக்கு நடுவில் நிற்பவர்தானே? ஆங்கிலத்தில் "நடுவாள்" என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. அதைப் பெயர்க்க வந்தவருக்குத் தரகர் நினைவு வந்திருக்கிறது, நடு விட்டுப்போகிறதே என்று முன்னால் ஓர் இடையையும் ஒட்டியிருக்கிறார். அந்த ஒட்டு இப்போது வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. உழவருக்கும் நுகர்வோருக்கும் நடுவில் யார் நின்றாலும் அவர் இடைத்தரகர். வயலுக்கே வந்து மொத்தமாக விலை பேசி எடுக்கும் வியாபாரி, மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு எடுப்பவர், மண்டிக்காரர், கோயம்பேட்டு மொத்த வியாபாரி, தெருமுனைக் கடைக்காரர் என்று ஐந்து பேருக்கும் ஒரே பெயர்.

இதனால் என்ன கெடுதி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆய்வுத்தாள் ஒன்று வெளியானது. நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் உழவருக்குக் கிடைக்கும் பங்கு தக்காளியில் சுமார் 33 காசு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்று அது கணக்கிட்டது. "மீதியை இடைத்தரகர்கள் விழுங்குகிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மீதி 67 காசில் லாரி வாடகை இருக்கிறது, சுமைக்கூலி இருக்கிறது, வழியில் நசுங்கி அழுகிய பழத்தின் விலை இருக்கிறது, மண்டிக் கமிஷன், மொத்த வியாபாரியின் லாபம், சில்லறைக் கடைக்காரரின் லாபம் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் எது நியாயம், எது கொள்ளை என்று பிரித்துப் பார்த்தால்தான் எதையாவது குறைக்க முடியும். அந்தப் பிரிப்பைச் செய்ய விடாமல் தடுக்கிறது இந்த ஒற்றைச் சொல். நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள பெரிய மனக்குறை இது: கடைத்தெருவில் ஐந்து பெயர் வழங்கும்போது மேசையில் அமர்ந்து ஒரு பெயர் செய்கிறார்கள்.

எதிர்த்திசையிலும் இதே குழப்பம் நடந்தது. 2020 செப்டம்பரில் வேளாண் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, "மண்டிகள் மூடப்படும் என்று பஞ்சாப் விவசாயிகள் அச்சம்" என்று நம் செய்தித்தாள்கள் எழுதின. அங்கே மண்டி என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சந்தைக்குழு நடத்தும் விற்பனை வளாகம். நம் உழவர் அந்தச் சொல்லைப் படித்ததும் தனக்குக் கமிஷன் பிடிக்கும் கடையைத்தான் நினைத்தார். "மண்டியை மூடினா நல்லதுதானே, அவங்க ஏன் ரோட்டுல உட்கார்ந்திருக்காங்க?" என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடமே கேட்டார். அவர் கேள்வியில் பிழை இல்லை, பிழை செய்தியில்தான். அங்கே "அரசு ஒழுங்குமுறைச் சந்தை" என்று எழுதியிருந்தால் அவருக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். ஏனென்றால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்ற பெயர் நம்மிடம் முன்பே இருக்கிறது. அதற்கு வேர் 1933ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம், இப்போது நடப்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். இந்தக் கூடங்களில் உழவரிடம் கமிஷன் பிடிப்பதில்லை, சந்தைக் கட்டணம் வாங்குகிறவர் தலையில். ஆனால் நெல், நிலக்கடலை, பருத்தி, மஞ்சள், கொப்பரை என்று தாங்கி நிற்கும் சரக்குதான் அங்கே பெரும்பாலும் போகிறது. ஒரு வெயிலில் வதங்கிவிடும் தக்காளியும் கத்தரியும் மண்டிக்குத்தான் போகின்றன. நான்கு நாள் வைத்திருந்து விற்க முடியாத சரக்கை வைத்திருப்பவர் பேரம் பேச முடியாது.

சரி, மண்டிக்குத் தனித்தமிழ் என்ன? பேரங்காடி என்று சிலர் சொன்னார்கள். அது இப்போது குளிரூட்டிய கடைக்கு நிலைத்துவிட்டது. பண்டகசாலை என்றால் சரக்கைச் சேர்த்துவைக்கும் இடமாகிவிடும், மண்டியிலோ மாலைக்குள் தரை காலி. தரகுக்கடை என்றால் பழைய பிழையே திரும்பி வரும். ஏலக்கடை பரவாயில்லை, நடக்கும் வேலையைச் சொல்கிறது. தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்பவர்கள் அதை எழுதட்டும். என்னைக் கேட்டால் மண்டியே போதும். தமிழாகிவிட்ட சொல், உழவர் வாயில் இருக்கிற சொல். புதுச்சொல் செய்வதற்கு நான் எதிரி இல்லை. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது அந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. அங்கே யார் விற்கிறார் என்பதைப் பெயரே சொன்னது. அப்படிச் சொல்லும் சொல்லுக்கு எந்த விளம்பரமும் வேண்டியதில்லை.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: சேர்த்துவைத்துக் கூலி வாங்குபவர் தரகர். கடையில் சரக்கை இறக்கி ஏலம் விட்டுக் கமிஷன் பிடிப்பவர் மண்டிக்காரர். தன் காசுக்கு வாங்கி விற்பவர் வியாபாரி. பொதுவாக எல்லாரையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் இடைநிலை வணிகர்கள் என்று எழுதலாம். வடக்கத்தி மண்டிக்கு ஒழுங்குமுறைச் சந்தை.

அந்தச் சிட்டையில் பேனாவால் எழுதிய வரிக்கு இன்னும் செய்தியில் பெயரே வைக்கவில்லை. நாற்றுக்கும், கொடி கட்டும் குச்சிக்கும், மருந்துக்கும் மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பார். வட்டி கேட்கமாட்டார், பத்திரமும் கேட்கமாட்டார். விளைந்தது தன் கடைக்கே வர வேண்டும் என்பது ஒன்றுதான் பேச்சு. அடுத்த கடையில் பெட்டிக்கு இருபது ரூபாய் கூட ஏலம் போனாலும் சித்தப்பாவால் அங்கே இறக்க முடியாது. கமிஷனைவிட இதுதான் அவரைக் கட்டிப்போடுகிறது, தரகர் எவரும் இப்படிக் கட்டிப்போட முடியாது. "இடைத்தரகர்னு சொல்றாங்களே, அவரையா சொல்றாங்க?" என்று அவரிடம் கேட்டேன். "அவரு எங்க மண்டிக்காரருல்ல" என்றார். கத்தரி நாற்றுக்கு அன்று காலைதான் ஐயாயிரம் வாங்கி வந்திருந்தார்.