‘மோர் பெட்டர்’ எங்கிருந்து வருது?

இன்டர்வியூ ட்ரெய்னிங்குக்கு வர்ற பசங்ககிட்ட குட்னு ஆரம்பிச்சா போதும், பெட்டர் பெஸ்ட்னு மீதிய அவங்களே முடிச்சிடுவாங்க. பேட்னா வொர்ஸ், வொர்ஸ்ட். ஸ்கூல்ல அவ்ளோ தடவ எழுதியிருக்காங்க. அதே பையன் மாக் இன்டர்வியூல உக்காந்ததும் "திஸ் ஜாப் இஸ் மோர் பெட்டர் ஃபார் மீ"ம்பான். டேபிள் மனப்பாடம், ஆனா வாய்ல வர்றது வேற. மண்டைக்குள்ள ஓடுற தமிழ்தான் இதுக்கு காரணம்னு நான் நினைக்கிறேன்.

நம்ம பேச்சுல ஒப்பிடும்போது அட்ஜெக்டிவ் அசையவே அசையாது. அவன் உயரம், அவன் என்னை விட உயரம், எல்லாரையும் விட அவன்தான் உயரம். மூணுலயும் உயரம் உயரமாவேதான் இருக்கு, வேலைய பூரா "விட"தான் பாக்குது. அதே பழக்கத்துல இங்கிலீஷ் பேசினா "ஹீ இஸ் டால் தேன் மீ"னுதான வரும்? அங்க "தேன்"னும் வேணும், டால் டாலராவும் மாறணும். இன்னொரு பக்கம் "இன்னும் நல்லா இருக்கும்"னு சொல்றோம்ல, அந்த "இன்னும்"தான் "மோர்" ஆகி பெட்டருக்கு முன்னாடி வந்து ஒட்டிக்குது.

"ரொம்ப"வும் அப்படித்தான் "வெரி பெட்டர்"னு போய் நிக்குது, இது தப்புன்னே நிறைய பேருக்கு தெரியாது. வெரி குட், வெரி டால்னு சாதா ஃபார்ம் கூடத்தான் "வெரி" சேரும், பெட்டர், டாலர் மாதிரி ஒப்பிடுற ஃபார்ம், அதாவது கம்பாரிட்டிவ் வந்துட்டா "மச்" போடணும், மச் பெட்டர், மச் டாலர். அது வாய்ல வரலன்னா வெறும் பெட்டர்னு விட்டுடுங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது. அதுக்காக மோர் பெட்டர்னு சொல்றவங்கள பாத்து சிரிக்கவும் வேணாம், ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலீஷ்ல இந்த டபுள் கம்பாரிசன் சகஜமா இருந்ததுதான். இன்னைக்கு ஹெச்ஆர் முன்னாடி செல்லாது, அவ்ளோதான்.

எங்க மோர் போடணும்னு கேப்பாங்க. சீப், ஃபாஸ்ட் மாதிரி ஒரே ஸிலபிள் (அசை)னா சீப்பர், ஃபாஸ்டர். ஈஸி, பிஸி மாதிரி ரெண்டு ஸிலபிள்ல 'ஈ' சத்தத்துல முடிஞ்சா ஈஸியர், பிஸியர். மூணும் அதுக்கு மேலயும்னா மோர். மாடர்ன், யூஸ்ஃபுல், க்ளெவர்னு மீதி ரெண்டு ஸிலபிள் வார்த்தைங்கள்லதான் குழப்பம், அங்க சந்தேகம் வந்தா மோர் போட்டுடுங்க, காதுக்கு உறுத்தாது.

வேலைக்கு போறவங்க அதிகமா மாட்றது சீனியர்லதான். "ஹீ இஸ் சீனியர் தேன் மீ"னு மெயில்லயே எழுதுறாங்க. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீன்ல இருந்து வரும்போதே கம்பாரிட்டிவா வந்தது, அதுங்களுக்கு தேன் ஆகாது, "டு"தான், "சீனியர் டு மீ". இதே மாதிரி "எல்டர் தேன் மீ"யும் கிடையாது. மை எல்டர் பிரதர்னு சொல்லலாம், ஆனா என்னை விட பெரியவன்னு சொல்ல "ஓல்டர் தேன் மீ".

செல்ஃப் இன்ட்ரோல கட்டாயம் வர்ற இன்னொண்ணு, "மை காலேஜ் இஸ் ஒன் ஆஃப் தி பெஸ்ட் காலேஜ்". நல்ல காலேஜ்ல ஒண்ணுன்னு பேச்சுல "கள்"ள முழுங்கிடுறோம், அங்க முழுங்க முடியாது, காலேஜஸ்.

இதெல்லாம் தப்புன்னாலும் சொல்ல வந்தது புரிஞ்சிடும், கேக்குறவர் பெருசா எடுத்துக்காம கூட போயிடலாம். அர்த்தத்தையே கவுக்குறது வார்த்தை கடைசில வர்ற இங்-உம் (-ing) எட்-உம்தான் (-ed). "ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்"னு ஒரு பொண்ணு ரொம்ப தன்னம்பிக்கையோட சொல்லுச்சு, பேனல்ல இருந்தவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. நமக்குள்ள வர்ற உணர்ச்சின்னா எட், அத கிளப்பி விடுறதுன்னா இங். கிளாஸ் போரிங், அதனால நான் போர்ட். "ஐ ஆம் போரிங்"னா நானே ஒரு அறுவைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி! கன்ஃப்யூஸிங், எக்ஸைட்டிங், டயரிங்னு எல்லாத்துக்கும் இதே கதைதான்.

ரிப்போர்ட் எழுதுறவங்களுக்கு மட்டும் ஒண்ணு. "அவர் சேல்ஸ் ஆர் ஹையர் தேன் லாஸ்ட் இயர்"னு பேசினா யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா எழுத்துல வந்தா கறாரான மேனேஜர் வட்டம் போடுவாரு, ஏன்னா நம்ம விற்பனைய போன வருஷத்தோட ஒப்பிட்டு வச்சிருக்கோம், போன வருஷத்து விற்பனையோட இல்ல. "லாஸ்ட் இயர்ஸ்"னு கடைசில ஒரு எஸ் சேத்தா சரியாயிடும், எழுதும்போது அதுக்கு முன்னாடி அப்பாஸ்ட்ரஃபி வரணும்.