கடல் தண்ணிய ஊத்துனாத்தான் வெளிய வரும் செல் சவ்வு

ஸ்கூல் புக்ல செல் படத்தைப் பாத்தீங்கன்னா சுவர், சவ்வு, மைட்டோகாண்ட்ரியா, கோல்கி எல்லாமே ஆளுக்கொரு கலர்ல பளிச்சுனு இருக்கும். அதே நெனப்போட லேப்ல போய் மைக்ராஸ்கோப்புல கண்ண வெச்சா வெங்காயத் தோல்ல நீள நீளமா கட்டம், உள்ள ஒரு புள்ளி, அவ்ளோதான். பசங்க ஏமாந்து போய் கைடைப் பாத்து ரெக்கார்ட் நோட்ல வரைஞ்சிட்டு வந்துடுவாங்க, அதுலயும் பாதிப் பேரு வெங்காய செல்லுக்குள்ள பச்சையா குளோரோபிளாஸ்ட் வேற போட்டு வெச்சிருப்பாங்க, வெங்காயத்துல எங்கங்க பச்சை இருக்கு?

தப்பு மைக்ராஸ்கோப் மேல இல்ல. வெளிச்சத்த வெச்சுப் பாக்குற எந்த சாதாரண மைக்ராஸ்கோப்புக்கும் ஒரு எல்லை இருக்கு, ரெண்டு புள்ளிக்கு நடுவுல சுமார் 200 நேனோமீட்டராவது (ஒரு மில்லிமீட்டர பத்து லட்சமா பிரிச்சா அதுல ஒரு பங்குதான் ஒரு நேனோமீட்டர்) இடைவெளி இருந்தாத்தான் அத ரெண்டா காட்டும், அதுக்குக் கீழ போனா ஒண்ணாக் கலந்துடும். லென்ஸ் எவ்ளோ பெருசாக்குனாலும் அந்த மங்கல்தான் பெருசாகும். செல் சவ்வு, அதாவது சுவருக்கு உள்பக்கம் செல்லச் சுத்தி இருக்குற மெல்லிசான உறை, அதோட தடிமன் 7, 8 நேனோமீட்டர்தான். அப்போ ஸ்கூல் மைக்ராஸ்கோப்புல அத நேரா பாக்கவே முடியாது. ஆனா அது அங்க இருக்குன்னு கண்ணால பாத்து நம்புறதுக்கு ஒரு வழி இருக்கு, அதுக்கு வேண்டியது பாண்டிச்சேரி பீச்லயோ தேவனாம்பட்டினத்துலயோ ஒரு சின்ன பாட்டில்ல மோந்துட்டு வர்ற கடல் தண்ணி.

மொதல்ல மைக்ராஸ்கோப்ப ஒழுங்கா புடிக்கணும். சின்ன லென்ஸ்ல ஆரம்பிங்க, ஃபோகஸ் ஆனப்புறம் 40 எக்ஸுக்குப் போங்க, கண்ணு பக்கத்து லென்ஸ் 10 எக்ஸ்னா மொத்தம் 400 மடங்கு. 40 எக்ஸுக்குப் போனப்புறம் பெரிய திருகைத் தொடவே கூடாது, சின்னதுதான், இல்லன்னா ஸ்லைடு ஒடையும். நிறைய பேரு செய்யுற தப்பு லைட்ட முழுசா தொறந்து வெக்கிறது. செல்லு பெரும்பாலும் கண்ணாடியாட்டம் தெளிவா இருக்குறதால வெளிச்சம் ஜாஸ்தியானா ஒண்ணுமே தெரியாது, கீழ வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்கிற டயஃப்ரம கொஞ்சம் மூடுனா ஓரமெல்லாம் எழும்பி வரும். அப்புறம் கறுப்பா தடிச்ச வளையத்தோட வட்டமா ஒண்ணு தெரிஞ்சா அது செல் இல்லீங்க, காத்துக் குமிழி. மேல மூடுற மெல்லிசு கண்ணாடித் துண்ட, அதாவது கவர் ஸ்லிப்ப, சாய்ச்சு வெச்சு மெதுவா எறக்குனா குமிழி வராது.

இப்போ ரியோ செடி. வீட்டு வாசல் தொட்டியில, பார்க் ஓரத்துல எல்லாம் இருக்கும், இலை மேல பச்சை, அடிப்பக்கம் ஊதா. இலையக் கிழிச்சா அடிப்பக்கத்துல மெல்லிசா ஊதாத் தோல் உரிஞ்சு வரும், அத ஒரு சொட்டு நல்ல தண்ணியில வெச்சு மூடிப் பாருங்க. ஒவ்வொரு செல்லும் மூலை வரைக்கும் ஊதாவா நெறஞ்சிருக்கும், நடுநடுவுல பச்சையா இலைத்துளைங்க. இப்போ கண்ண எடுக்காம, கவர் ஸ்லிப்போட ஒரு ஓரத்துல ஒரு சொட்டு கடல் தண்ணி விட்டு எதிர் ஓரத்துல டிஷ்யூ பேப்பர வெச்சு உறிஞ்சுங்க. கொஞ்ச நேரத்துல ஊதா மூலையில இருந்து விலகும், சுருங்கும், கடைசியில நடுவுல ஒரு உருண்டையா நிக்கும், கட்டம் மட்டும் அப்படியே வெளிய இருக்கும். அந்தக் கட்டம்தான் செல் சுவர். ஊதா இருக்குறது வாக்யூல், செல்லுக்குள்ள சாறு நெறஞ்ச பை, அதச் சுத்தி ரொம்ப மெல்லிசா சைட்டோபிளாசம், அதோட வெளி ஓரம்தான் நம்ம தேடுன சவ்வு. இதுக்குப் பேரு பிளாஸ்மோலைசிஸ்.

சைக்கிள் டயரும் டியூபும் மாதிரின்னு வெச்சுக்கலாம், டியூப்ல காத்து இருக்கறவரைக்கும் ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஒண்ணாத்தான் தெரியும், காத்து எறங்குனாத்தான் உள்ள தனியா ஒண்ணு இருக்குறது புரியும். இங்க எறங்குறது தண்ணி. கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, அது செல்லுக்குள்ள இருக்குற சாறை விடக் காட்டம். சவ்வு தண்ணிய சுலபமா விடும், உப்ப விடாது, அதனால தண்ணி வெளிய ஓடுது. சுவரு ரெண்டையும் தடுக்காது, அதனால அந்த இடைவெளியில நிக்கிறது கடல் தண்ணியேதான். திரும்ப நல்ல தண்ணிய விட்டா ஊதா பழையபடி விரியும், ஆனா ரொம்ப நேரம் உப்புல விட்டுட்டா செல் செத்துடும். வெந்நீர்ல முக்குன இலையில இதச் செஞ்சு பாருங்க, சுருங்கவே சுருங்காது, சவ்வு கெட்டுப்போய் ஊதா வெளிய கசிஞ்சிடும்.

விஞ்ஞானிங்களும் இப்படிக் குறுக்கு வழியிலதான் சவ்வப் புடிச்சாங்க. 1925ல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு பேரு ரத்த சிவப்பணுவோட கொழுப்பப் பிரிச்சு தண்ணி மேல பரப்பி அளந்து, சவ்வு ரெண்டு அடுக்குன்னு சொன்னாங்க. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல அத கோடாப் பாத்தது 1950கள்லதான்.

விலங்கு செல்லுக்கு சுவரே கிடையாது. கன்னத்தோட உள்பக்கம் டூத்பிக்கால லேசா சுரண்டி மெத்திலீன் புளூ போட்டா (மீன் தொட்டி கடையிலயே கிடைக்கும்) ஒழுங்கில்லாத வடிவத்துல தட்டையா, நடுவுல நீலப் புள்ளியோட தெரியும், அந்தப் புள்ளிதான் நியூக்ளியஸ். சுவர் இல்லாததால ரத்த சிவப்பணுவ வெறும் தண்ணியில போட்டா உப்பி வெடிச்சுடும். ஆஸ்பத்திரியில ஏத்துற சலைன்ல 0.9 சதவீதம் உப்பு இருக்குறது அதனாலதான்.

பிச்சாவரம் போனவங்க கேக்கலாம், அங்க மரமெல்லாம் உப்புத் தண்ணியிலயே நிக்குதே, அது ஏன் சுருங்கலன்னு. 2004 சுனாமில கடல் புகுந்த கடலூர் பக்கத்து வயல்ல பயிரெல்லாம் பாழாப் போச்சே. வித்தியாசம் என்னன்னா இந்த மரங்களோட செல்லுக்குள்ள சாறு கடலை விடக் காட்டமா இருக்கு, அதனால தண்ணி உள்ள வருது. சுரபுன்னை வேர்லயே பெரும்பாலான உப்ப வடிகட்டிடும், வெண்கண்டல் இலையில இருக்குற சுரப்பி வழியா வெளிய தள்ளிடும், இலைய நக்குனா கரிக்கும்.

ஒரு விஷயம், 40 எக்ஸ் லென்ஸ் ஸ்லைடுக்கு ரொம்ப கிட்ட வரும், கடல் தண்ணி பட்டா உடனே டிஸ்டில்டு வாட்டர் தொட்ட லென்ஸ் பேப்பரால தொடைச்சிடுங்க. நம்ம ஊரு கடல் காத்துக்கு லென்ஸ்ல பூஞ்சை வேற சீக்கிரம் புடிக்கும், பெட்டியில சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு வைங்க.