டோபார் பூட்ட முன்னம் புத்தகத்தைத் திறவுங்கள்

“அண்ணை, காருக்கு ஒரு டோபார் பூட்ட எவ்வளவு முடியும்?” என்றுதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். டோபார் என்றால் ட்ரெயிலர் இழுக்கக் காரின் பின்னால் பூட்டுகிற இரும்புக் கொக்கி. காசு கடைசிக் கேள்வி. முதலில் வாகனப் புத்தகத்தை, அதாவது பதிவுச் சான்றிதழை, எடுத்து வாருங்கள் என்றால் முகம் மாறிவிடுகிறது. பாதிப் பேரின் புத்தகம் கையில் இல்லை. மீதிப் பேரில் சிலருடைய புத்தகத்தில் வேறு ஒருவரின் பெயர்.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்கள் 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வரத் தொடங்கின. இடையில் எல்லாரும் இருக்கிற காரை வைத்தே எல்லா வேலையும் பார்க்கப் பழகிவிட்டோம். கதிரை, கூடாரம் வாடகைக்கு விடுகிறவர், குருநகர்ப் பக்கம் சின்னப் படகு வைத்திருக்கிறவர், ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டு திரிகிறவர் எல்லாருக்கும் காரின் பின்னால் ஒரு கொக்கி இருந்தால் லொறிக் காசு மிச்சம். நினைப்பில் பிழை இல்லை. செய்கிற ஒழுங்கில்தான் பிழை. முதலில் இரும்பைப் பூட்டிவிட்டு, பிறகு கடதாசி தேடுகிறார்கள்.

சட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், எஞ்சின் இல்லாத ட்ரெயிலரையும் மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுக்கிறது. ஆகவே ட்ரெயிலருக்குத் தனி இலக்கம், தனிப் புத்தகம், தனி வரிப் பத்திரம். காரின் புத்தகத்தில் பதிந்திருக்கிற விபரம் மாறுகிற வேலை எதைச் செய்தாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். டோபாருக்கு அந்தப் புத்தகத்தில் கட்டமே இல்லை. கட்டம் இல்லாத ஒன்றைப் பற்றிக் கந்தோரில் கேட்டால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை. கதிரை வாடகைத் தொழில். பட்டறையில் ஒரு பின்னேரத்துக்குள் டோபார் பூட்டி முடித்தார்கள். இரண்டு மாதம் பிரச்சினை இல்லை. ஒருநாள் பின்பக்கம் பாரம் கூடின ட்ரெயிலர் ஆடி, ஓரமாக நின்ற மோட்டார் சைக்கிளில் அடித்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை, நல்ல காலம். காப்புறுதிக்காரர் கேட்டது இரண்டு கடதாசி: டோபார் பூட்டியதை அவர்களுக்கு அறிவித்த கடிதம், ட்ரெயிலரின் புத்தகம். இரண்டும் இல்லை. அவர் மாதக்கணக்காக அலைந்தார், நான் கூடப் போனேன். ஒரு கந்தோரில், “நாங்கள் வரி மட்டும்தான் எடுக்கிறது.” அடுத்த கந்தோரில், “பாக்கிறவர் இண்டைக்கு லீவு, திங்கள் வாங்கோ.” திங்கள் போனால், “இது கொழும்பிலதான் கேக்கவேணும்.” இரவு பஸ் ஏறி நானூறு கிலோமீற்றர் போய் வரிசையில் நின்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பதில்: “இதுக்கு ஏன் ஐயா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? உங்கட மாவட்டத்திலயே கேட்டிருக்கலாமே.” திரும்பி வரும்போது அவர் பைலை மடியில் வைத்துக்கொண்டு வவுனியா வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் ஏழு கடிதங்களின் பிரதி இருந்தது. ஒன்றுக்கும் பதில் இல்லை.

அந்த மனுசனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். காரை லீசிங்கில் எடுத்திருந்தால் ‘அப்சலூட் ஓனர்’ என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். மாதாமாதம் கட்டுகிறவர் நீங்கள், ஓட்டுகிறவர் நீங்கள், ஆனால் கடைசித் தவணை கட்டும் வரைக்கும் கார் அவர்களுடையது. அடிச்சட்டத்தில் துளை போட அவர்களின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கிளையில் இருக்கிற தம்பி “பிரச்சினையில்லை அண்ணை, செய்யுங்கோ” என்று தொலைபேசியில் சொன்னது சம்மதம் ஆகாது. தவணை பிந்தி அவர்கள் காரைத் தூக்குகிற நாளில் அந்தத் தம்பி வேறு கிளைக்கு மாறியிருப்பார்.

இதைவிடப் பெரிய பொறி ஓப்பின் பேப்பர். பழைய சொந்தக்காரரின் கையெழுத்து வைத்த மாற்றுப் படிவத்தை லாச்சிக்குள் போட்டுவிட்டு, பெயரை மாற்றாமல் வருடக்கணக்காக ஓடுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. அப்படியானால் நீங்கள் எந்தக் கவுண்டரிலும் கேள்வி கேட்க முடியாது; காப்புறுதியும் உங்கள் பேச்சை எடுக்காது. பழைய சொந்தக்காரர் வெளிநாடு போயிருந்தால், அல்லது இறந்திருந்தால், இன்னும் சிக்கல். ஓப்பின் பேப்பரில் இருக்கிறவர்கள் டோபாரை மறந்துவிட்டு முதலில் பெயரை மாற்றுங்கள்.

அடுத்தது, உங்கள் கார் இழுக்குமா? எங்கள் வீதிகளில் ஓடுகிறவற்றில் பெரும்பகுதி ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார்கள். ஐரோப்பாவுக்குச் செய்த காரில் கதவோரத் தகட்டில் காரின் மொத்த எடையும், காரும் ட்ரெயிலரும் சேர்ந்த எடையும் அடித்திருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எவ்வளவு இழுக்கலாம் என்று தெரியும். ஜப்பானிலிருந்து வந்த காரின் தகட்டில் மொடல், சேஸி இலக்கம், நிறக் குறி என்று இருக்கும்; இழுவை எடை இருக்காது. இல்லாததை “எவ்வளவும் இழுக்கலாம்” என்று பட்டறைக்காரர் வாசித்துக் காட்டுவார். நம்ப வேண்டாம். பிரியஸுக்கு அமெரிக்காவில் கொடுத்த கையேட்டில் ட்ரெயிலர் இழுப்பதைத் தாங்கள் பரிந்துரைக்கவில்லை என்று டொயோட்டாவே எழுதியிருக்கிறது. ஹைபிரிட் கார், சின்ன எஞ்சின் கார், சீவிடி என்ற ஓட்டோ கியர் கார் வைத்திருக்கிறவர்கள் கையேட்டைப் பார்க்காமல் ஒரு ஆணிகூட வாங்கக்கூடாது. கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தால் கைத்தொலைபேசியைக் காட்டினால் மொழிபெயர்த்துத் தரும். அந்த ஒரு பக்கம் போதும்.

இப்போது இரும்பு. வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்சலில் போட்டு அனுப்புகிற டோபார்களைப் பற்றி ஒரு சொல். லண்டனில் விற்கிறது அங்கே ஓடுகிற காருக்கான டோபார். பெயர் ஒன்றாக இருந்தாலும் அடிச்சட்டத் துளைகள் இங்கே நிற்கிற காரோடு பொருந்தும் என்று இல்லை. டோபாரின் நுனியில் ட்ரெயிலர் வந்து பூட்டுகிற பந்தின் அளவும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் பந்து 50 மி.மீ. கனடா, அமெரிக்காப் பக்கம் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ.; அதைவிடச் சின்னதும் உண்டு. லண்டன் மச்சான் பந்தின் மேல் இறங்குகிற ட்ரெயிலர்ப் பூட்டுத்தலை அனுப்ப, டொரன்டோச் சித்தப்பா பந்து அனுப்பினால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். பெரிய பந்தில் சின்னத் தலை முழுதாக இறங்கிப் பூட்டாது. பூட்டினது மாதிரி நிற்கும், பள்ளத்தில் இறங்கும்போது கழன்றுவிடும்.

நல்ல டோபாரில் ஒரு தகடு இருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்து, ‘55ஆர்’ என்ற குறி (இழுவைக் கொக்கிகளுக்கான ஐ.நா. தர விதியின் இலக்கம்), டி என்று ஒரு அளவு, எஸ் என்று ஒரு அளவு. டி இழுவிசைக்கு. எஸ் என்றால் பந்தின் மேல் எத்தனை கிலோ அழுத்தலாம் என்பது. நம்மவர்கள் பார்க்காமல் விடுகிறது இந்த எஸ்தான். ட்ரெயிலரின் மூக்கு, அதாவது பந்தில் பூட்டுகிற முன்முனை, மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை பந்தின் மேல் அழுத்த வேண்டும். ஆள் நிறுக்கிற தராசை நிலத்தில் வைத்து, ஒரு மரக்கட்டையை நிறுத்தி, மூக்கை அதன் மேல் இறக்கிப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை. கதிரை அண்ணையின் ட்ரெயிலரில் பாரமான கூடாரக் கம்பி எல்லாம் பின்னுக்கு இருந்தது. மூக்கு அழுத்தவில்லை, மேலே தூக்கியது. அதனால்தான் ஆடியது.

அவரது டோபாரைப் பிறகு கழற்றிப் பார்த்தோம். பம்பருக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய தகட்டில் நான்கு நட்டு. ஒன்றுக்கும் ஸ்பிரிங் வொஷர் இல்லை. வெல்டிங் பிடித்த இடத்தில் பெயின்ற் வெந்து, அதைச் சுற்றிக் கைவிரல் அகலத்துக்குத் துரு. கடல் காற்று அடிக்கிற ஊரில் வெந்த இரும்பு எத்தனை நாளைக்கு? டோபார் அடிச்சட்டத்தில் கம்பனி விட்ட துளைகளில் நட்டுப் போட்டு நிற்க வேண்டும். பம்பரிலும் வேண்டாம், பூட் தளத்திலும் வேண்டாம், காரின் உடம்போடு வெல்டிங் வேண்டவே வேண்டாம். பின் லைற் வயரைச் சீவி ட்ரெயிலர் வயரை முறுக்குகிற கெட்டித்தனத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். புதிய கார்களில் அது கம்ப்யூட்டரைக் குழப்பும். தனி ரிலே போடச் சொல்லுங்கள். கழற்றி வைக்கிற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். சும்மா ஓடும் நாளில் பந்து இலக்கத் தகட்டை மறைத்துக்கொண்டு நிற்காது. மறைத்தால் மறிக்கிற பொலிஸாருக்கு வேறு காரணம் தேவையில்லை. 2025 தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்ற அரசாங்கத் திட்டத்தைச் சொல்லிப் பொலிஸார் பஸ், ஆட்டோவில் ஒட்டின மேலதிகச் சாமான்களைக் கழற்ற வைத்தது நினைவிருக்கும்.

ட்ரெயிலர் வாங்குகிறவர்கள் விற்கிறவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “புத்தகம் இருக்கா?” லாண்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரம், இழுக்கிற பெட்டியை வெட்டிச் சின்னதாக்கி, “எல்லாரும் இப்பிடித்தான் ஓடினம்” என்பார்கள். அந்த எல்லாரும் உங்களுக்காகத் தண்டம் கட்ட வரமாட்டார்கள். புத்தகம் இருந்தால் அதிலுள்ள வெற்று எடையைப் பாருங்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தின் பி வகுப்பில் காரோடு இலகுவான ட்ரெயிலர் மட்டும்தான் இழுக்கலாம். அதற்கு எடை எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வேறு வகுப்பு வேண்டும்.

காப்புறுதிக்கு ஏஜென்ற் போதாது. கொம்பனிக்கு எழுதிக் கொடுத்து, பொலிசியோடு சேர்க்கிற எண்டோர்ஸ்மென்ற் கடிதத்தை வாங்குங்கள். அதில் டோபார், ட்ரெயிலரின் இலக்கம், ட்ரெயிலர் மூன்றாம் ஆளுக்குச் செய்கிற சேதம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஏஜென்ற் கொமிஷன் எடுக்கிறவர், பணம் கொடுக்கிறவர் இல்லை.

கடைசியாகக் கந்தோர். பிரதேச செயலகம் வரிப் பத்திரம் கொடுக்கிற இடம். டோபாரைப் பற்றி அங்கே கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பதிவு விடயம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தினுடையது. கச்சேரி, அதாவது மாவட்டச் செயலக, வளவில் மாவட்டப் பிரிவு இருக்கிறது, தலைமை கொழும்பு நாரஹேன்பிட்டியில். நேரில் போக முன்னம் எழுதுங்கள். பதிவுத் தபால், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெளிக்கிட முன்னம் 1919க்கு எடுத்து எந்த நாளில் யார் பார்க்கிறார் என்று கேளுங்கள். அரசாங்கத் தகவல் நிலையம், தமிழிலும் பேசுவார்கள்.

கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். இதிலும் ஒரு பொறி. “நான் டோபார் பூட்டலாமா?” என்று கேட்டால், அது அபிப்பிராயம், தகவல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். “மோட்டார் காருக்கு இழுவைக் கொக்கி பொருத்துவது தொடர்பாக உங்களிடம் உள்ள சுற்றுநிருபம், அறிவுறுத்தல் ஆகியவற்றின் பிரதி தரவும். அப்படி ஒன்று இல்லையெனில் இல்லை என்று எழுத்தில் தரவும்” என்று கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இல்லை என்ற பதிலும் உங்களுக்குக் காசுதான். காப்புறுதிக்காரர் “திணைக்கள அனுமதி எங்கே” என்று கேட்கும்போது அதைத்தான் முன்னால் வைக்கப் போகிறீர்கள்.

பதில் சிங்களத்தில் வந்தால் பக்கத்து வீட்டில் வாசிக்கத் தெரிந்தவரைத் தேடி ஓடாதீர்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் பதில் பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. அதே கடிதத்தின் பிரதியில் “தமிழில் தரவும்” என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். கதிரை அண்ணை அப்படித்தான் செய்தார். தமிழ்க் கடிதம் வர இன்னும் ஐந்து கிழமை எடுத்தது. நான்கே வரி, அதில் இரண்டு எழுத்துப் பிழை. அவர் அதை லமினேற் பண்ணி கார் டாஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறார்.