ஃபங்ஷன் பெயரை மாற்றினால் டாக்குமென்டேஷன் அப்டேட் ஆகிவிடுமா?

ஆர்பிசி (வேறொரு கணினியில் இருக்கும் ஃபங்ஷனை நெட்வொர்க் வழியாக அழைக்கும் முறை) லைப்ரரிகளின் டாக்குமென்டேஷனில் விளக்கப் பத்திகளைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. எடுத்துக்காட்டாகத் தந்த கோட்-ஐ காப்பி செய்து, சர்வர் முகவரியை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடிவிட்டால் அதுவே புரொடக்‌ஷனுக்குப் போய்விடும். அதனால் பழசாகிப்போன எடுத்துக்காட்டுதான் எனக்குப் பெரிய கவலை.

பரவலாகப் புழங்கும் ஆர்பிசி கட்டமைப்பான ஜிஆர்பிசியின் கோ மொழி லைப்ரரியையே பாருங்கள். பல ஆண்டுகளாக சர்வரோடு இணைய ‘டயல்’ என்ற ஃபங்ஷன்தான். 2024-இல் வந்த 1.63 பதிப்பு அதை நீக்காமல், ஆனால் இனி வேண்டாம் என்று குறித்து, ‘நியூகிளையன்ட்’டுக்கு மாறச் சொன்னது. உள் ஆவணங்களில் பெயரை மட்டும் தேடி மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் நடத்தையும் மாறியிருக்கிறது. டயல், கொடுத்த முகவரியை அப்படியே எடுத்துக்கொள்ளும். நியூகிளையன்ட், முகவரிக்கு முன்னால் வேறு ஸ்கீம் (தேடும் முறையைச் சொல்லும் முன்னொட்டு) இல்லாவிட்டால், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் தேடும். பஃப்கான் (நெட்வொர்க் இல்லாமல் மெமரிக்குள்ளேயே இணைப்பு தரும் பேக்கேஜ்) வைத்து எழுதிய டெஸ்ட்களில் ‘பஃப்நெட்’ என்று வாய்க்கு வந்த பெயர் ஒன்று இருக்கும். அது எந்த டிஎன்எஸ்ஸில் கிடைக்கப்போகிறது? டெஸ்ட் விழும். பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லும் ‘பாஸ்த்ரூ:///’ ஸ்கீமை முன்னால் சேர்த்தால் சரியாகிவிடும். ஒரு வரிதான், ஆனால் அதை எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு குழுவும் தானே முட்டி மோதிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதைவிட மோசம் ‘வித்பிளாக்’. இணைப்பு கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லும் இந்த ஆப்ஷனை நியூகிளையன்ட் கண்டுகொள்வதே இல்லை, பிழையும் காட்டாது. தொடங்கும்போதே சர்வர் இருக்கிறதா என்று பார்த்துவந்த சர்வீஸ், இனி வாடிக்கையாளரின் முதல் கோரிக்கையில்தான் அதைத் தெரிந்துகொள்ளும்.

அடுத்தது டெட்லைன், அதாவது பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பு. ஜிஆர்பிசி தானாக எந்த டெட்லைனும் வைக்காது. நாம் சொல்லாவிட்டால் அழைப்பு காத்துக்கொண்டே கிடக்கலாம். 1984-இல் பிரெல், நெல்சன் இருவரும் எழுதிய ஆர்பிசி கட்டுரையிலேயே இந்தப் போக்கு உண்டு: சர்வர் உயிரோடு இருந்து அதன் கோட் சிக்கிக்கொண்டால் அழைப்பை முறிக்க மாட்டோம், உள்ளூர் ஃபங்ஷனும் அப்படித்தானே என்பது அவர்கள் வாதம். வாதம் எப்படியோ, டெட்லைன் இல்லாத எடுத்துக்காட்டை ஆவணத்தில் வைக்கக் கூடாது.

டெட்லைன் வைத்தால் மட்டும் போதாது. நேரம் கடந்துவிட்டது என்னும் ‘டெட்லைன் எக்ஸீடட்’ பிழை வந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருளல்ல. சர்வரில் முடிந்து, பதில் மட்டும் தாமதமாகியிருக்கலாம். பணம் கழிக்கும் அழைப்பில் யோசிக்காமல் ரீட்ரை போட்டால் இருமுறை கழியும். ஆகவே எந்த மெத்தடைத் திரும்ப அழைக்கலாம், எதைக் கூடாது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுத வேண்டும். பெறும் மெசேஜுக்கு இயல்பான வரம்பு 4 எம்பி என்பதையும் சேர்த்துவிடுங்கள். சின்ன டெஸ்ட் டேட்டாவில் இது ஒருபோதும் வெளியே தெரியாது. மாதக் கடைசி ரிப்போர்ட்டில்தான் தெரியும்.

எடுத்துக்காட்டுகளை ‘எக்ஸாம்பிள்’ என்று தொடங்கும் ஃபங்ஷன்களாக டெஸ்ட் ஃபைலில் வைத்தால், ‘கோ டெஸ்ட்’ அவற்றையும் கம்பைல் செய்யும். ‘அவுட்புட்’ கமென்ட் இருந்தால் ஓட்டியும் பார்க்கும். ஆனால் டயலும் வித்பிளாக்கும் இன்னமும் கம்பைல் ஆகின்றன. ஸ்டேட்டிக்செக் போன்ற லின்டர்தான் (கோட்-ஐ ஓட்டாமலே குறை சொல்லும் கருவி) அவற்றைக் காட்டிக்கொடுக்கும். முகவரி தேடும் முறை மாறியதை அதுவும் சொல்லாது. மாற்றியவரே எழுதினால்தான் உண்டு. அதனால் ஆவண மாற்றம் இல்லாமல் வரும் புல் ரிக்வெஸ்ட்டில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை), பிழை வந்தால் இனி என்ன நடக்கும் என்று கேட்டு, பதில் ஆவணத்தில் ஏறும்வரை நான் அப்ரூவ் செய்வதில்லை.